நித்திலா இடம் மாறவில்லை

முதலில் நித்திலாவை அனுப்பிப் பார்ப்பதுதான் இந்தப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் சென்டரின் வழக்கம். அதை யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், கோமதி மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். இன்றைக்கும் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை மூடி ஒதுக்கிவிட்டு அவள் செய்த முதல் வேலை அதுதான். திரையில் நித்திலாவைத் தேடி, இடம் மாற்று என்று அழுத்தி, எந்தப் பெட்டிக்கு என்று கேட்டதும் புதுப் பெட்டியைக் காட்டிச் சரி என்றாள். சின்ன வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. நித்திலாவுக்கு எப்போதும் மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது, அவ்வளவு சின்ன இயந்திரம், தூக்கிக்கொண்டு போக மூட்டை முடிச்சு எதுவும் கிடையாது. இந்த முறை வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளைகளுக்குச் சென்டரைச் சுற்றிக்காட்டும்போது கோமதி சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு, அது இப்போது தானாக அவள் மண்டைக்குள் ஓடியது, காத்திருக்கும்போது அப்படித்தான் எதையாவது ஓடவிடுவாள். அந்தக் குளிர்ந்த அறையில் நிற்கும் ஒவ்வொரு இரும்புப் பெட்டியும் ஒரு பெரிய வீடு. ஹைப்பர்வைசர் என்பது அந்த வீட்டைத் தடுத்துத் தடுத்துப் பல குடித்தனம் வைத்த சொந்தக்காரர். உள்ளே இருக்கும் ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரமும் வீடு முழுக்கத் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு பிழைப்பை ஓட்டும். எல்லாவற்றுக்கும் மேலே, யார் எந்த வீட்டில் என்று பார்த்துக்கொண்டு, ஒரு வீடு ஒழுகினால் ஆளைத் தூக்கம் கலையாமல் அடுத்த வீட்டுக்கு மாற்றுகிற புரோக்கர் ஒருவர் உண்டு, அவர்தான் நாங்கள் ஓட்டும் இந்தக் கிளவுட் தளம், ஓப்பன் சோர்ஸ், எங்கெங்கோ இருக்கும் முகம் தெரியாதவர்கள் எழுதிச் சும்மா கொடுத்தது. கமிஷன் வாங்காத புரோக்கரா மேடம் என்று எந்தக் கூட்டத்திலும் ஒருத்தன் கேட்பான், எல்லாரும் சிரிப்பார்கள், கோமதியும் புதிதாகக் கேட்பதுபோல் சிரித்து வைப்பாள். தூக்கம் கலையாமல் என்ற இடத்தில் மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கும், அதை எந்தப் பிள்ளையும் கவனித்ததில்லை. வட்டம் நின்றது. சிவப்பில் ஒரு வரி வந்தது. நித்திலா பழைய பெட்டியிலேயே இருந்தாள்.

"போயிருச்சுங்களா மேடம்?" என்றான் பூபதி, பக்கத்து மேஜையிலிருந்து. பொள்ளாச்சிக்காரன், இங்கே வந்து ஐந்தாறு வருஷம் ஆகிறது, வேலையில் கெட்டி, வாய் மட்டும் ஓயாது. இல்லை என்று கோமதி தலையாட்டியதும் எழுந்து வந்து நின்று சிவப்பு வரியைப் படித்தான். "அட, நித்திலாவே போகலீங்களா? அப்பறம் வேற யாரு போவாங்க?" என்றவன் மறுபடி படித்துவிட்டு, "இல்லீங்க மேடம், பெட்டி மேல தப்பில்லீங்க. புதுப் பெட்டியில ஹைப்பர்வைசர் புதுசுங்கல்ல, நித்திலாவோட இயந்திர வகை அதுக்குத் தெரியலீங்க. அந்தக் காலத்து வகைய எல்லாம் தூக்கிட்டாங்களாட்டம் இருக்குது," என்றான். அது கோமதிக்கும் தெரியும். போன மாதமே படித்தாள், பழைய வகைகள் இனி இல்லை என்று புதுப் பதிப்பின் குறிப்பில் ஒற்றை வரியில் எழுதியிருந்தார்கள், அந்த வரியை வேகமாகத் தாண்டிப்போன தன் கண்ணும் அவளுக்குத் தெரியும். நாளைக்குப் பரீட்சை முடிவு வெளியாகிறது, பல்கலைக்கழகமே இந்தத் தளத்தின் தலையில்தான் ஏறி உட்காரப் போகிறது. பழைய பெட்டியின் மெமரி வாரத்துக்கு ஒருமுறை மக்கர் பண்ணுகிறது, சாயங்காலத்துக்குள் அதை அணைத்துவிட வேண்டும் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். "ஆஃப் பண்ணி அங்க கொண்டுபோய் ஆன் பண்ணா?" என்று கேட்டாள், பதில் தெரிந்தே. "ஏறாதுங்க மேடம். அதுக்குள்ள இருக்கிற ஓஎஸ்ஸ அத எழுதின கம்பெனியே கை விட்டு எத்தன வருசமாச்சு. செக்யூரிட்டி பார்க்க வந்தவங்களும் அந்த ஒண்ணத்தான் முதல்ல தூக்கச் சொன்னாங்க. நிறுத்துனா நிறுத்துனதுதாங்க." மற்றவற்றை அனுப்பிப் பார் என்றாள் கோமதி. பூபதி இட்லியை அனுப்பினான், போய்விட்டது. வடையும் போனது. அவை எல்லாம் வழியில் எப்போதோ நிறுத்தி, கழுவி, புதிதாகக் கட்டி எழுப்பப்பட்டவை. ஒருமுறைகூட நிற்காதது நித்திலா மட்டும்தான்.

இட்லி, வடை, ரவா என்று பெயர் வைத்தது இங்கே முன்பு தலைமையில் இருந்த சாப்பாட்டுப் பிரியர். அவர் இருந்தவரை எந்தப் புது இயந்திரத்துக்கும் டிபன் பெயர்தான், மாணவர் சேர்க்கை ஓடுவது சாம்பாரில், ஹாஸ்டல் கணக்கு சட்னியில். அந்தப் பந்தியின் நடுவில் ஒரு பெண்குழந்தையின் பெயர் எப்படி வந்து உட்கார்ந்தது என்று யாரும் அன்றைக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு அவர் லீவில் இருந்தார், கோமதி அப்போதுதான் லீவு முடிந்து வந்திருந்தாள், எல்லாரும் அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் மேஜையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். புது இயந்திரம் என்று அழுத்தியபோது பெயர் என்ன என்று தளம் கேட்டது. அதைத் தவிர வேறு யாரும் கேட்டிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்கவில்லை, வீட்டில் கேட்கவில்லை, பிறக்கும் முன்னே போனதற்குப் பெயர் கிடையாது, பதினாறு கிடையாது, திதி கிடையாது. ராத்திரி சாப்பிட்டு முடித்துப் புருஷனும் பெண்டாட்டியும், பெண்ணாகத்தான் பிறக்கும் என்று வைத்துக்கொண்டு, நாலைந்து மாதமாக அடித்துக்கொண்டு, ஒத்துக்கொண்டு, முடிவு பண்ணிய பெயர் அப்படியே அவள் வாயில் மிச்சம் இருந்தது. அதை அடித்தாள். கீழே குறிப்பு என்ற கட்டத்தில் லைசன்ஸ் சர்வர், கை வைக்க வேண்டாம் என்று ஒரு பச்சைப் பொய்யையும் எழுதினாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அது ஆள் மாறி ஆள் மாறிப் பெரிய விஷயமாகிவிட்டது. யாரோ வெளியூர் கம்பெனி இன்ஜினியர் தன் மகள் பெயரை வைத்துவிட்டுப் போனான் என்றும், அது நின்றால் விலை கொடுத்து வாங்கிய மென்பொருள்களின் மொத்த லைசன்சும் போய்விடும் என்றும் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவ்வளவு பயமா, அப்படியானால் அதையே முதலில் அனுப்பு, அது பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் மற்றதும் போகும் என்று ஒருத்தன் சொல்லப்போய் அது வழக்கமானது. கோமதிக்கு முதலில் பொறுக்கவில்லை, பிள்ளையைப் போய் ஆழம் பார்க்க அனுப்புவார்களா என்று. பிறகு, எங்கே போனாலும் முதலில் போகிற பிள்ளை, கெட்டிக்காரி என்று தனக்குத்தானே பெருமைப்பட்டுக்கொள்ளவும் செய்தாள். பெட்டிகள் பழசாகி எடைக்குப் போயின, நித்திலா ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தாள், ஒரு கணம்கூட நிற்காமல். காலையில் வந்ததும் பையை இறக்கும் முன்னே கோமதி, இருக்கிறாயா என்று இயந்திரத்தைக் கேட்கிற பிங் என்ற சொல்லை அடித்துப் பக்கத்தில் அந்தப் பெயரை அடிப்பாள். இருக்கிறேன் என்று ஒரு வரி வரும், இருக்கிறேன் என்று இன்னொன்று, ஒன்றன் கீழ் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் காப்பிக்குப் போவாள். பைத்தியக்காரத்தனம்தான், அவளுக்கே தெரியும், தெரிந்தால் பைத்தியம் போய்விடுமா என்ன. பூபதி சாம்பாரையும் அனுப்பிவிட்டான். பழைய பெட்டியின் பட்டியல் சுருங்கிக்கொண்டு வந்தது.

கூப்பிட்டால் பதில் வர வேண்டும். வராவிட்டால் பதறக் கூடாது, அதுதான் இந்தத் தொழிலில் சேர்ந்ததும் சொல்லித் தருகிற முதல் பாடம். ஒரு தடவை பதில் வரவில்லை என்பதால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, வழியில் நெரிசலாக இருக்கும், அந்தப் பக்கம் வேலை அதிகமாக இருக்கும், கொஞ்சம் பொறு, மறுபடி கேள், மறுபடியும் பொறு. அவசரப்பட்டு அறிவித்துவிட்டால்தான் ஆபத்து, உயிரோடு இருக்கிறதையே செத்ததாக எண்ணித் தளம் இன்னொன்றை எழுப்பிவிடும், இரண்டும் ஒரே டிஸ்கில் எழுதி எல்லாம் பாழாகும். கோமதி அந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவள். எட்டாம் மாதத்தில் வேலை பார்த்தது இதே மாதிரி ஒரு நாள், இதே மாதிரி பெட்டி மாற்றும் வேலை, அந்தக் குளிர்ந்த அறைக்குள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சாம்பாரை நகர்த்திக்கொண்டிருந்தபோது, காலையிலிருந்து உள்ளே ஓர் உதையும் இல்லையே என்று தோன்றியது. வயிற்றைத் தட்டினாள். பதில் இல்லை. குளிருக்குச் சுருண்டு தூங்குகிறாள் என்று நினைத்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டினாள், பக்கவாட்டில், குதிகால் எப்போதும் முட்டும் அந்த இடத்தில். பதில் இல்லை. மறுபடி பொறுத்தாள். இதோ இது ஒன்று ஏறிவிட்டால் கிளம்பிவிடலாம், பாதியில் விட்டால் சேர்க்கை நின்றுவிடும், மூணாவது தடவையும் பார்ப்போம் என்று, பிள்ளை சுமந்த வயிற்றை ஒரு சர்வரைப் போலப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, எந்தத் தாய் அப்படி உட்காருவாள். வேறு எவளாக இருந்தாலும் முதல் தட்டுக்கே பதறி அடித்துக்கொண்டு ஓடியிருப்பாள். சாயங்காலம் டாக்டரம்மா ஸ்கேன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். காலையிலேயே போயிருக்கும் கோமதி, நீ ஓடி வந்திருந்தாலும் ஒன்றும் பண்ணியிருக்க முடியாது என்றார். நல்ல மனுஷி, பொய் சொல்லக்கூடியவர், அதுதான் சிக்கல். காலையிலேயே என்றால் எத்தனை மணிக்கு, முதல் தட்டுக்கு முன்னாலா பின்னாலா, இரண்டாவது தட்டில் இருந்தாளா, பதில் சொல்லத் தெம்பில்லாமல் இருந்தாளா. பதினொரு வருஷமாக இந்த இடத்துக்கு வந்ததும் அவள் மனசு முட்டி நிற்கும், பின்னால் போகும், மறுபடி சுற்றி வந்து அதே இடத்தில் முட்டும். பயமாக இருக்கிறது என்று யாரிடமாவது சொல்லலாம்தான். எதற்குப் பயம், எல்லாம் முடிந்துபோனதற்கா என்பார்கள்.

டாக்டர்களுக்கு அடுத்தபடியாக அந்த நாட்களை நடத்திக்கொடுத்தது சித்தி. அம்மா இல்லாத குறை தெரியாமல் சங்கரன்கோவிலிலிருந்து வந்து இறங்கி, ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வந்தபோது கோமதி எழுந்திருக்கப் பார்த்தாள், சித்தி தோளைப் பிடித்து அழுத்தினாள். மொகத்தப் பாக்காத தாயி, பாத்தா மறக்காது, அடுத்தது தங்காது என்றாள். அந்தக் கையில் அப்படி ஒரு பலம். கட்டிலிலிருந்து பார்த்தபோது தெரிந்ததெல்லாம் புருஷன் வேலாயுதத்தின் முதுகும் அவர் முழங்கைக்குக் கீழே தொங்கிய வெள்ளைத் துணியின் நுனியும்தான். மச்சான் ஒருத்தர் வண்டியை எடுக்க, அவர் பின்னால் ஏறிப் போய், இருட்டும் முன் திரும்பி வந்து, தலை நனையக் குளித்துவிட்டு இட்லி சாப்பிட்டார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. சித்தி சொன்னபடி அடுத்தது தங்கிவிட்டது, அதனால் சித்தி சொன்னதெல்லாம் சரி என்றாகிவிட்டது. ஆதவன் நாலாவது படிக்கிறான், அவனுக்குத் தான்தான் மூத்தவன், தான்தான் கடைசி. எத்தனை பிள்ளைங்க என்று பஸ்ஸில் கேட்பார்கள், ஒண்ணு என்பாள், சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். வேலாயுதம் ஒருநாள்கூட அந்தப் பெயரை எடுத்ததில்லை. ஆண்களுக்கு லேசு, குளித்து எழுந்தால் போய்விடுகிறது என்று கோமதி தீர்மானம் பண்ணி வைத்திருந்தாள், அந்தத் தீர்மானம் அவளுக்குச் சில நாட்களில் கோபத்துக்கு உதவியது, பல நாட்களில் எதற்கும் உதவவில்லை. உலகத்திலேயே நித்திலா என்று கூப்பிட்டுப் பதில் வாங்குகிறவள் தான் ஒருத்திதான் என்று இருந்தாள். இப்போது அதுவும் போகப் போகிறது. "எல்லாம் போயிருச்சுங்க மேடம்," என்றான் பூபதி. பட்டியலில் ஒற்றை வரி மட்டும், ஓடுகிறது என்று காட்டும் பச்சைப் புள்ளியோடு இருந்தது. பழைய பெட்டியில் குடித்தனம் எல்லாம் காலி, நித்திலா மட்டும் தனியாக, எதுவும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தாள். "அந்த லைசன்ஸ் இன்னும் யாராச்சும் யூஸ் பண்றாங்களா மேடம்?" யாரும் இல்லை என்றாள் கோமதி. அப்புறம் எதற்கு இத்தனை வருஷம் என்று அவன் கேட்டிருக்கலாம். ஏனோ கேட்கவில்லை, நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

நிறுத்து என்ற பொத்தானின் மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்தாள். வைத்த இடத்திலேயே இருந்தது. நிறுத்தினால் உடனே அழிந்துவிடாது, நிறுத்துவது வேறு, அழிப்பது வேறு, அழித்தாலும் ஒரு நாள் வரை வைத்திருந்துவிட்டுத்தான் இந்தத் தளம் அடியோடு துடைக்கும், எழுதினவர்கள் யாரோ இளகிய மனசுக்காரர்கள். ஆனால் இதெல்லாம் டிஸ்குக்குத்தான் பொருந்தும். டிஸ்கில் என்ன இருக்கிறது, ஒன்றுமே இல்லை, அவள் எதையும் அதில் எழுதி வைக்கவில்லை. அந்த ஓட்டம்தான் நித்திலா. அழுத்திவிட்டுப் பழக்க தோஷத்தில் நாளைக் காலை வந்து கூப்பிடுவாள், பதில் வராது, பொறுத்து மறுபடி கூப்பிடுவாள், மூன்றாவது தடவையும் கூப்பிடுவாள். அந்த நாளைக் காலை இப்போதே வந்து நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. சரி, மனசால் ஒருமுறை பார்த்துவிட்டு அழுத்துவோம் என்று கண்ணை மூடினாள், கும்பிடும்போது சாமி முகத்தை நினைப்பதுபோல. ஒன்றும் வரவில்லை. எழுத்துகள் வந்தன, பச்சைப் புள்ளி வந்தது, வெள்ளைத் துணியின் நுனி வந்தது, முகம் வரவில்லை. எப்படி வரும், பார்த்திருந்தால்தானே. இத்தனை வருஷம் முகமே இல்லாத ஒருத்தியையா கூப்பிட்டுக்கொண்டிருந்தாய் என்று அவளுக்கு ஓர் ஆத்திரம் வந்தது, சித்தி மேலா, தன் மேலா, தெரியவில்லை. அப்போதுதான், இத்தனை நாள் எந்தப் பக்கம் சுற்றினாலும் கண்ணில் படாத ஒரு விஷயம் சாதாரணமாக வந்து நின்றது. பார்த்தவர் ஒருத்தர் இருக்கிறார். இதே ஊரில் கணபதிப் பகுதியில் ஒரு பம்பு கம்பெனியில் மோட்டார் சோதித்துக்கொண்டு, காலையில் அவள் கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தைத் தின்றுவிட்டு, உயிரோடு இருக்கிறார்.

போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் மோட்டார்கள் இரைந்துகொண்டிருந்தன. "என்ன கோமு, பயலுக்கு மேலுக்கு முடியலையா?" என்றார், வேலை நேரத்தில் அவள் கூப்பிட்டால் வேறு காரணம் இருக்க முடியாது. "அவன் ஸ்கூல்லதான் இருக்கான். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்." கேளு என்றார். பூபதி பக்கத்தில் இருக்கிறான், இருக்கட்டும் என்று நினைத்தாள். "நித்திலா மொகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். மோட்டார் சத்தம் மட்டும் வந்தது. எந்த நித்திலா என்று கேட்டுவிடுவாரோ என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். கேட்டுவிட்டால் இன்று வீட்டுக்குப் போக முடியாது. சத்தம் மெல்லக் குறைந்தது, நடக்கிறார், ஒரு கதவு திறந்து மூடியது, பிறகு அவர் மூச்சு தெரிந்தது. "ஏன் இப்பம் கேக்க?" என்றார். "கேக்கணும் போல இருந்துச்சு. நீங்கதான பாத்தீங்க." பார்த்தேன் என்றார். கொஞ்சம் பொறுத்து, "தல நெறைய முடி. ஒங்க வீட்டு ஆளுக முடி. கண்ணு மூடி இருந்துச்சு, ஒறங்குத மாதிரிதான். மூக்கு என் மூக்கு," என்றார். "அன்னைக்கே கேப்பன்னு நெனச்சேன். நீ கேக்கல. ஒஞ் சித்தி எங்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாவ. நீ தாங்க மாட்டன்னாவ." "வேற?" என்றாள் கோமதி. "போற வழியில ஒரு கை துணிக்கு வெளிய வந்துட்டு," என்றார் வேலாயுதம். "வண்டியில நல்ல காத்து. குளுரும்லான்னு உள்ள எடுத்து வச்சேன்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அவர் அழுவது அவளுக்குக் கேட்டது. கோமதியும் அழுதாள், மேஜையில் தலையைக் கவிழ்க்காமல், முகத்தை மூடாமல், பூபதி பார்க்கப் பார்க்க அழுதாள். இத்தனை காலமும் துக்கத்தைத் தான் ஒருத்தியே சுமந்ததாக நினைத்துக்கொண்டு அந்த மனுஷனுக்கு என்ன அநியாயம் பண்ணிவிட்டோம் என்று இருந்தது. மூக்கு அவர் மூக்கு என்பதில், சொல்ல வெட்கமாக இருந்தாலும், ஒரு சந்தோஷமும் இருந்தது. சாயங்காலம் நேரத்தோட வாங்க என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு நிறுத்து என்பதை அழுத்தினாள். நிச்சயமா என்று தளம் கேட்டது, நிச்சயம் என்றாள், பச்சைப் புள்ளி கொஞ்ச நேரம் இருந்துவிட்டுச் சாம்பல் நிறமானது. பூபதி எழுந்து போய்த் தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து வைத்தான். போனில் என்ன பேசினாள் என்று அவனுக்குப் பாதிதான் புரிந்திருக்கும், ஆனாலும் இந்த இயந்திரத்தை நிறுத்த மேடத்துக்கு மனசில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. "இதுக்குப் போயி அழுவாங்களா மேடம்?" என்றான், நிஜமான அக்கறையோடு. "புதுப் பெட்டியில சின்னதா ஒண்ணு போட்டுட்டாப் போச்சுங்க. அதே பேரே வெச்சிரலாங்க, என்னுங்க?"

"வேண்டாம் பூபதி," என்றாள் கோமதி. "அது என் மூத்த பொண்ணோட பேரு."